ரெமுவாஜுக்குத் தமிழ் என்ன? (கிளிக்கோ பாடம், கொஞ்சம் அவசரம்)

இரா. எழுதியது:

அவைக்கு வணக்கம். உணவக மேலாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, பிரெஞ்சு வைன் பாடத்தில் வந்து நிற்கிறது. 1772இல் ரைம்ஸ் நகரத்தில் தொடங்கிய வீவ் கிளிக்கோ நிறுவனம் பற்றி நான்கு பக்கம்.

ஷாம்பேனைப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுகிறார்கள். குமிழி அப்படித்தான் வருகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் செத்துப் படிந்துவிடும். அந்தப் படிவைக் கழுத்துக்குக் கொண்டுவர, சாய்வுப் பலகைத் துளைகளில் பாட்டில்களைச் செருகி, தினமும் எட்டில் ஒரு பங்கோ கால் பங்கோ திருப்பி, சாய்வையும் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் தலைகீழாக நிறுத்துவார்கள். கையால் செய்தால் ஆறு முதல் எட்டு வாரம். இதற்குப் பெயர் ரெமுவாஜ். எனக்கு முன்னால் மொழிபெயர்த்தவர் ‘குலுக்கல்’ என்று போட்டிருக்கிறார். பரிசுச்சீட்டு ஞாபகம்தான் வருகிறது.

செ.மு. எழுதியது:

தம்பி, சொல் நம் கையிலேயே இருக்கிறது. புறநானூறு 56இல் நக்கீரர் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். கடல் கடந்து வந்த மதுவுக்கு அன்றே இட்ட பெயர் தேறல். தேறு என்றால் தெளி. தெளிந்தது தேறல், தெளியச் செய்வது தேற்றல். கலங்கிய நீரில் தேய்த்துவிடும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர் வந்ததும் இதனால்தான். ரெமுவாஜ் = தேற்றல். முடிந்தது.

இன்னொன்று. தெள், தெளி, தேறு, தேன் இவை நான்கும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. தேனடையைப் பிழிந்து வடித்துத் தெளிய வைத்ததால் தேன். இதைத் தனி இழையில் விரித்து எழுதுகிறேன்.

தி. எழுதியது:

ஐயா, துக்க வீட்டில் போய் ஆறுதல் சொல்வதும் தேற்றல்தானே. வீவ் என்றால் பிரெஞ்சில் கணவனை இழந்தவள். கைம்பெண் நிறுவனத்தில் தினமும் தேற்றல் நடந்தது என்று பாடத்தில் வந்தால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

மீ. எழுதியது:

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெயரைச் சும்மா விட்டுவிடாதீர்கள், இரா. அந்த நிறுவனத்தை நடத்திய கைம்பெண், கிளிக்கோ அம்மாள் எனப்படும் பார்ப்-நிக்கோல் போன்சார்தானுக்குக் கணவர் இறந்த 1805இல் வயது 27. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி கணவன் உயிரோடு இருந்தால் அவன் சம்மதம் இல்லாமல் மனைவி வியாபாரம் செய்ய முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் ‘வீவ்’ இரக்கத்துக்கு ஒட்டிய பெயரில்லை, ஏறக்குறைய வணிக உரிமம். நெப்போலியன் போர்கள் ஓய்ந்ததும் 1814இல் மற்றவர்களுக்கு முந்தி ரஷ்யச் சந்தைக்குக் கப்பல் அனுப்பியது அந்த அம்மாள்தான். பத்தாயிரம் பாட்டிலுக்கு மேல், 1811 அறுவடை. பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், வீவ் கிளிக்கோ என்றே இருக்கட்டும். ஆனால் இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

வே. எழுதியது:

வேதியியல் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

குலுக்கல் என்ற சொல் தவறு மட்டுமில்லை, நேர் எதிர். குலுக்கினால் படிவு மேலே கிளம்பி வைன் முழுக்கக் கலங்கிவிடும். கிளிக்கோ அம்மாளுக்கு முன்பு, தெளிந்ததை வேறு பாட்டிலுக்கு ஊற்றி மாற்றுவார்கள். வாயுவும் போகும், வைனும் சிந்தும். 1816 வாக்கில் அவரும் நிலவறைப் பொறுப்பாளர் அன்துவான் முல்லரும் துளையிட்ட மேசையில் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் வழியைக் கண்டார்கள். சமையலறை மேசையில்தான் முதலில் துளை போட்டார்கள் என்றொரு கதையும் உண்டு.

இரண்டாவது, செ.மு. ஐயாவின் தேற்றலும் இங்கே பொருந்தவில்லை. ரெமுவாஜ் முடியும்போது படிவு பாட்டிலுக்குள்ளேதான் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. அதன்பின் கழுத்தை மட்டும் உறைகரைசலில் முக்கி, மூடியைத் திறந்தால் உள்ளழுத்தம் அந்த உறைந்த கட்டியை வெளியே தள்ளும். அது தெகோர்ஜ்மான். வைன் தெளிவது அப்போதுதான். வேண்டுமானால் இரண்டுக்கும் சேர்த்துத் தேற்றல் என்று வைக்கலாம்.

படிவுக்கு ‘வண்டல்’ வேண்டாம், அது ஆற்றுக்குப் போகட்டும். செக்கெண்ணெயைத் தெளிய வைத்தால் அடியில் தங்குவதை நாம் மண்டி என்கிறோம். இதுவும் மண்டிதான். அதைக் கழுத்துக்கு இறக்குவதுதான் ரெமுவாஜ் என்பதால் ‘மண்டி இறக்கல்’ என்று வைக்கலாம்.

தி. எழுதியது:

மண்டி என்றால் எங்கள் ஊரில் வாழைக்காய் ஏலம்.

பா. (புதுச்சேரி) எழுதியது:

ரெமுவே என்ற வினைக்குப் பிரெஞ்சில் அசை, கிளறு, துழாவு என்றெல்லாம் பொருள். அவர்களுடைய சொல்லே அவ்வளவு துல்லியமானதில்லை, நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? தெகோர்ஜ்மான் பற்றி ஒன்று: அதற்குள் இருப்பது கோர்ஜ், தொண்டை. தொண்டையில் இருப்பதை வெளியேற்றுவது. ‘மண்டி கக்கல்’ என்றால் அச்சாகப் பொருந்தும்.

மீ. எழுதியது:

கக்கலா? உணவகப் பாடத்திலா? மேசைக்கு மேசை நின்று விருந்தினரிடம் விளக்கப்போகிற பிள்ளைகள் இவர்கள். ‘மண்டி நீக்கல்’ போதும்.

இரா. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹவுஸ்’ என்பதற்குப் பழைய வரைவில் ‘மது வீடு’. ‘ஹவுஸ் ஸ்டைல்’ என்பதற்கு ‘வீட்டு நடை’. ‘டோசேஜ்’ என்பதற்கு ‘மருந்தளவு’.

செ.மு. எழுதியது:

ஹவுஸ் = குடி. தலைமுறை தலைமுறையாக ஒரு தொழிலைக் காப்பது குடி. ‘கிளிக்கோ குடி’ என்று எழுதுங்கள்.

தி. எழுதியது:

ஐயா வேண்டுமென்றேதான் செய்கிறார்.

செ.மு. எழுதியது:

வள்ளுவர் குடிமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார், கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டையும் குழப்பிக்கொள்வது படிப்பவர் குற்றம்.

வே. எழுதியது:

‘நிறுவனம்’ என்றே எழுதிவிடலாம். ஹவுஸ் ஸ்டைலுக்குத்தான் யோசிக்க வேண்டும். கிளிக்கோவின் மஞ்சள் லேபிள் ஷாம்பேன் எந்த ஒரு வருடத்து அறுவடையும் இல்லை. பல தோட்டத்து வைன்களோடு முந்தைய வருடங்களின் சேமிப்பையும் சேர்த்து, மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் ஒரே சுவை வருமாறு அமைக்கிறார்கள். பாதி அல்லது அதற்குச் சற்று மேல் பினோ நுவார் திராட்சை, அதுதான் முதுகெலும்பு. மிச்சம் ஷார்தனே, மெனியே திராட்சைகள். விதிப்படி 15 மாதம் பாட்டிலில் கிடந்தால் போதும், வருடம் குறித்த வகைக்கு மூன்று வருடம். இப்படிச் சேர்ப்பதைக் ‘கலப்பு’ என்று எழுதினால் பாலில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கிறது.

மீ. எழுதியது:

சேர்மானம். சித்த மருந்துக் கடையில் தினமும் புழங்குகிற சொல். ஹவுஸ் ஸ்டைலுக்குக் கைப்பக்குவம். ‘கிளிக்கோவின் கைப்பக்குவம்’ என்றால் யாருக்குப் புரியாது?

பா. எழுதியது:

கைப்பக்குவத்துக்கு என் ஓட்டு. 1818இல் ரோஸே என்னும் இளஞ்சிவப்பு வகைக்கு இந்த அம்மாள்தான் பூசி ஊரின் சிவப்பு வைனைச் சேர்த்தார். அதுவரை எல்டர் மரத்துப் பழச்சாற்றில் நிறமேற்றிக்கொண்டிருந்தார்கள். சேர்மானம் என்ற சொல் அங்கேயும் பொருந்தும்.

வே. எழுதியது:

டோசேஜ்: மண்டி நீங்கியதும் பாட்டிலில் குறைகிற அளவுக்குச் சர்க்கரை கலந்த வைனை ஊற்றுவது. ‘இனிப்பூட்டல்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் சர்க்கரையே சேர்க்காத வகையும் உண்டு. இன்று ப்ரூட் (இனிப்புக் குறைந்த வகை) என்றால் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குள். 2010இல் பால்டிக் கடலடியில், ஆலண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த பழைய பாட்டில்களில் கிளிக்கோவும் இருந்தது. அந்தக் கப்பல் சரக்கைச் சோதித்தபோது லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம். ரஷ்யர்களுக்கு அதைவிடவும் கூடுதலாக வேண்டியிருந்ததாம். அதனால் ‘மேலூற்று’ என்றால் இரண்டுக்கும் சரிவரும்.

தி. எழுதியது:

150 கிராமா? அது பாயசம்.

இரா. எழுதியது:

சரி, இரவாகிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் ‘மண்டி இறக்கல்’ நான்கு பேர், ‘தேற்றல்’ ஒருவர். இப்போதெல்லாம் ஐந்நூறு பாட்டில் கொள்ளும் இரும்புக் கூண்டை இயந்திரமே திருப்பி ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது. அதற்கும் ‘மண்டி இறக்கல்’ பொருந்துகிறது. பிறைக்குறிக்குள் ரெமுவாஜ் என்றும் கொடுத்துவிடுகிறேன். மண்டி நீக்கல், மேலூற்று, சேர்மானம், கைப்பக்குவம். ஹவுஸ் நிறுவனம்தான், மன்னியுங்கள் ஐயா.

பா. எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. ஷாம்பேனா, சாம்பேனா? ஷகரம் எதற்கு?

மீ. எழுதியது:

கடவுளே.

செ.மு. எழுதியது:

நல்ல கேள்வி. தொல்காப்பியர் சகரம் சொல்லுக்கு முதலில் அ, ஐ, ஔ மூன்றோடு மட்டுமே வராது என்றார். சா வருவதற்குத் தடை இல்லை. ஆகவே சாம்பேன். முழு விளக்கம் நாளை.

மண்டி இறக்கலை நான் ஏற்கவில்லை. ஔவையார் ‘நாட்படு தேறல்’ என்றார். மூன்று வருடம் நிலவறையில் கிடப்பதற்கு அதைவிட நல்ல பெயர் இந்த அவையில் யாரும் தரவில்லை. பெரும்பான்மை எப்படியோ அப்படியே அச்சிடுங்கள் தம்பி, நன்றியுரையில் மட்டும் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.