வீட்டைச் சுவாதீனம் எடுக்க வருகிறார்கள்: நீதிமன்றத்தில் கால அவகாசம் கேட்க முடியுமா?

கேள்வி: கடலூர் வாசகி (பிப்ரவரி 7)

வணக்கம். நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். என் கணவரின் மின்சாதனக் கடைக்காக, என் பெயரில் உள்ள வீட்டை ஒரு வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கினோம், நான் ஜாமீன்தாரர். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் கடைக்குள் புகுந்து சரக்கெல்லாம் வீணானதிலிருந்து தவணைகள் நின்றுவிட்டன. கடந்த செப்டம்பரில் அறுபது நாள் நோட்டீஸ் வந்தது. எங்கள் நிலைமையை விளக்கிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். இன்றுவரை பதில் இல்லை. டிசம்பர் 29 அன்று சுவாதீன அறிவிப்பை வாசற்கதவில் ஒட்டிச் சென்றார்கள். இப்போது வழக்கறிஞர் ஆணையர் ஒருவர், பிப்ரவரி 20 அன்று வீட்டைப் பூட்டிச் சாவியை எடுக்க வருவதாக நோட்டீஸ் கொடுத்துள்ளார். நிலுவை 16 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. ஆணையரை நியமித்த மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலேயே, தேர்வு முடியும்வரை நிறுத்திவைக்கும்படி மனு கொடுக்கலாமா?

பதில்: வழக்கறிஞர், கடலூர்

சகோதரி, நீங்கள் 20-ஆம் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்க வேண்டியது 12-ஆம் தேதியை. வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல 45 நாட்களே உண்டு. கதவில் ஒட்டும் அடையாள சுவாதீனமும் அத்தகைய நடவடிக்கைதான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியது. டிசம்பர் 29-இலிருந்து எண்ணினால் பிப்ரவரி 12-உடன் அந்த 45 நாட்கள் முடிகின்றன. வீட்டை நேரில் எடுப்பது தனி நடவடிக்கை என்று பின்னர் வாதிடலாம். ஆனால் கையில் ஐந்து நாட்கள் இருக்கும்போது அந்த வாதத்தை நம்பி உட்கார வேண்டாம்.

ஆணையரை நியமித்த தலைமைக் குற்றவியல் நடுவரிடம் மனு கொடுப்பதால் பயனில்லை. 14-ஆவது பிரிவின்கீழ் அவர் செய்வது, வங்கியின் உறுதிமொழிப் பத்திரத்தைச் சரிபார்த்துச் சுவாதீனம் எடுத்துத் தருவது மட்டுமே. கடன் நியாயமா, தவணை ஏன் நின்றது என்பதை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தை 34-ஆவது பிரிவு அடைத்துவிட்டது. உயர் நீதிமன்ற ரிட் மனுவைப் பொறுத்தவரை, தீர்ப்பாயம் என்ற வழி இருக்கையில் அதை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 முதல் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. எனவே நீங்கள் செல்ல வேண்டியது சென்னையில் உள்ள தீர்ப்பாயம்.

முதன்மை மனுவைத் தாக்கல் செய்வதாலேயே எதுவும் நின்றுவிடாது. இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனு அதனுடன் இருக்க வேண்டும். மனுவை ஏற்பதற்கே வங்கி கோரும் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2004-இல் நீக்கிவிட்டது. ஆனால் தடை வேண்டுமென்றால் ஒரு தொகையை இத்தனை வாரங்களுக்குள் கட்டு என்று நிபந்தனை வருவதே வழக்கம். உங்கள் நிலுவைக்கு மனுக் கட்டணம் 6,750 ரூபாய்: பத்து லட்சம் வரை 5,000, அதற்கு மேல் ஒவ்வொரு லட்சத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 250.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்திதான் என் கண்ணில் முதலில் பட்டது. கடன்தாரர் ஆட்சேபக் கடிதம் கொடுத்தால், 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டியது 13(3ஏ) பிரிவின்படி வங்கியின் கடமை. பதில் தராமலே சுவாதீன அறிவிப்பை ஒட்டியிருந்தால், மகளின் தேர்வைவிட அதுவே உங்கள் மனுவின் முதல் காரணமாக நிற்க வேண்டும். தேர்வு, கால அவகாசத்துக்கான காரணம். இதுவோ, நடவடிக்கையே பிழை என்பதற்கான காரணம். சுவாதீன அறிவிப்பு ஏழு நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில் வந்ததா, அவற்றில் ஒன்று தமிழ் நாளிதழா என்பதையும் பாருங்கள்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாவிட்டால், பெண் என்ற ஒரு தகுதியே போதும். வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை உடனே அணுகுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், புதுச்சேரி

அம்மா, வழக்கறிஞர் சொன்னதைச் செய்யுங்கள்; அதே நாளில் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலரையும் எழுத்து மூலமாக அணுகுங்கள். ஒரே தவணையில் சலுகைத் தீர்வு கேட்பது கடன்தாரரின் உரிமையல்ல என்று 2021-லேயே தீர்ப்பாகிவிட்டது என்பதால், வங்கியை வற்புறுத்த இயலாது. ஆனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு ‘கருணை காட்டுங்கள்’ என்ற கடிதம் எதற்கும் உதவாது. இன்ன தேதியில் இவ்வளவு, இன்னாரிடமிருந்து வரும் என்ற கடிதம்தான் உதவும். நான் பணியில் இருந்தபோது, இருபது பக்கக் கண்ணீர்க் கடிதங்களை விட அரைப் பக்கக் கணக்குக்கே மேலிடத்தில் ஒப்புதல் வாங்க முடிந்தது.

சாவி கைமாறினாலும் வீடு உடனே கைமாறிவிடாது. விற்பனைக்கு முன் 30 நாள் நோட்டீஸ் தனியாகத் தர வேண்டும். முழு நிலுவையையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான். முன்பு விற்பனை நாள் வரை இருந்ததை 2016 திருத்தம் சுருக்கிவிட்டது. பலர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள்.

பதில்: நெல்லிக்குப்பம் வாசகர்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னதை நம்பிப் பதினெட்டு நாட்களை இழந்தேன். வழக்கு எண்ணிடப்படாமலே திரும்பி வந்தது. பிறகு தீர்ப்பாயத்தில், நிலுவையில் கால் பங்கை இரண்டு தவணைகளில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் தடை கிடைத்தது. முதல் தவணையைக் கட்டினேன். இரண்டாவதற்கு நிலம் விற்ற பணம் நான்கு நாள் தாமதமாக வந்தது. அதற்குள் தடை தானாகவே காலாவதியாகிவிட்டது. முடியாத தொகைக்கு நீதிபதியின் முன் தலையாட்டிவிடாதீர்கள். கூடுதல் வாரங்களை அங்கேயே, ஆணை பிறப்பிக்கும் முன்பே கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை கிடைத்துவிட்டது. அதில் வங்கியின் முத்திரையும் தேதியும் உள்ளன. என் நகைகளை வைத்து இரண்டு லட்சம் திரட்ட முடியும். அதை இப்போதே கட்டலாமா, ஆணை வந்தபின் கட்டலாமா?

பதில்: வழக்கறிஞர், கடலூர்

இப்போதே முழுவதையும் கட்டிவிட்டால், நிபந்தனை வரும்போது கை வெறுமையாகிவிடும். ஐம்பதாயிரத்தைக் கடன் கணக்கில் செலுத்தி, ‘எங்கள் உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று குறிப்பிட்ட கடிதம் கொடுத்து, அந்த ரசீதை மனுவுடன் இணையுங்கள். மீதியை ஆணைக்காக வைத்திருங்கள். ஒப்புகை அட்டையின் மூலத்தை யாரிடமும் கொடுக்காமல் ஒளிநகல் மட்டும் தாருங்கள். நாளைக் காலை மற்ற ஆவணங்களுடன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வந்துவிடுங்கள்.