மிச்சிகனில் பேரண்டிங் டைம் உத்தரவை மாற்றும் படிவமும் ஃபெடரல் பணியின் விடுப்பு விதிகளும்: உதவி தேவை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். டெட்ராய்ட்டில் ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மணமுறிவுத் தீர்ப்பின்படி என் மகள் புதன்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி விட்டதும் என்னிடம் வந்து, மறுநாள் காலை வரை இருக்க வேண்டும். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் வெளியிட்ட குறிப்பாணையைத் தொடர்ந்து எங்களை முழுநேரமும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டதால், 4 மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க இயலவில்லை. பேரண்டிங் டைமை (குழந்தை எந்தப் பெற்றோருடன் எப்போது இருக்கும் என்ற நேர ஏற்பாட்டை) மாற்றக் கோரும் எஃப்ஓசி 65 படிவத்தில் "அலுவலகம் அனுமதிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் போதுமா? விசாரணை நாளுக்கு நீதிமன்ற விடுப்பு கிடைக்குமா?

மறுமொழி 1:
வணக்கம் சகோதரி. அந்த ஒரு வரி போதாது. நீதிபதி பார்ப்பது அலுவலகத்தின் நியாயத்தை அல்ல. நிலைமையில் என்ன மாறியது, நீங்கள் கேட்கும் ஏற்பாடு குழந்தைக்கு எப்படி நல்லது என்பதைத்தான். காவலுரிமையை (குழந்தையை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை) மாற்றுவதற்குத் தேவைப்படும் அளவுக்குக் கடுமையான காரணம் பேரண்டிங் டைமை மாற்றுவதற்குத் தேவையில்லை என்று மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆனால், குழந்தை யாரிடம் நிலையாக வளர்கிறதோ அந்தச் சூழலையே மாற்றும் அளவுக்குக் கேட்டால், கடுமையான அளவுகோல் வந்துவிடும். ஆகவே மணிநேரத்தை மட்டும் மாற்றக் கேளுங்கள்.

"வசதிப்படி மாற்றித் தரவும்" என்று எழுதுவோர் பலர். பின்னாளில் சண்டைக்கு வித்திடுவது அதுவே. "புதன் மாலை 6.15 முதல் வியாழன் காலை பள்ளியில் விடும் வரை" என்று எழுதி, இடைப்பட்ட நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்பவர் யார், எங்கே அழைத்துக்கொள்வீர்கள் என்பதையும் சேருங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம்.

தீர்ப்பளித்த அதே சர்க்யூட் நீதிமன்றத்தின் கிளார்க்கிடம் தாக்கல் செய்து, மறுதரப்புக்கான நகலை அஞ்சலில் அனுப்பினால் விசாரணைக்கு 9 நாள்களுக்கு முன்பும், நேரில் கொடுத்தால் 7 நாள்களுக்கு முன்பும் சேர்ப்பிக்க வேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கு எம்சி 20 என்ற விலக்குப் படிவம் உண்டு. மகளின் தந்தை குறுஞ்செய்தியில் சம்மதித்திருந்தாலும், நீதிபதி கையெழுத்திடும் வரை பழைய உத்தரவே செல்லும்.

மறுமொழி 2:
அலுவலகப் பக்கத்தை நான் சொல்கிறேன். ஃபெடரல் ஊழியருக்கான நீதிமன்ற விடுப்பு, ஜூரியாக அழைக்கப்படும்போதும், அரசு ஒரு தரப்பாக உள்ள வழக்கில் சாட்சியாக அழைக்கப்படும்போதும்தான் கிடைக்கும். சொந்தக் குடும்ப வழக்குக்கு ஆண்டு விடுப்போ, ஊதியமில்லா விடுப்போ எடுக்க வேண்டும். 1993-ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தரும் 12 வாரங்களும் இதற்குப் பயன்படா. அனுமதி வராமல் விசாரணைக்குப் போய்விடாதீர்கள். அனுமதியின்றி வராதவர் என்று பதிவாகிவிடும்.

வேலைநேரத்தை மாற்ற வழியுண்டு. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் நெகிழ்வான வேலைநேரங்களுக்கும், சுருக்கப்பட்ட (குறைந்த நாள்களில் நீண்ட நேரம் வேலை செய்யும்) வேலைநேரங்களுக்கும் இடமளிக்கிறது. காலையில் முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிப்பதே உங்களுக்குப் பொருந்தும். ஆனால் தருவதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விருப்பம். தொழிற்சங்க ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தால் அதையும் பாருங்கள். படிவத்தை நிரப்பும் முன்பே இதை எழுத்தில் கேட்டுவிடுங்கள். கிடைத்துவிட்டால் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்காது.

கேட்டவர்:
நன்றி. எழுத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இதே பிரிவில் இதே பணியைச் செய்யும் ஆண்கள் இருவருக்கு அந்த நேரம் கிடைத்திருக்கிறது.

மறுமொழி 2:
அப்படியானால் இது வேறு விஷயம். பாலின அடிப்படையிலான பாகுபாடு என்று கருதினால், மறுப்பு வந்த நாளிலிருந்து 45 நாள்களுக்குள் உங்கள் நிறுவனத்தில் பாகுபாட்டுப் புகார்களை முதலில் கேட்கும் சமவாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும். வார இறுதியும் இந்தக் கணக்கில் சேரும். மறுப்பு மின்னஞ்சலை நகலெடுத்து வையுங்கள். இந்தக் குறையை எஃப்ஓசி 65-இல் எழுத வேண்டாம்; அங்கே வேலைநேரம் இன்னது என்பது மட்டும் போதும்.

மறுமொழி 1:
ஆமாம். ஆலோசகரின் பதிலுக்காகப் படிவத்தைத் தாமதப்படுத்தவும் வேண்டாம். இரண்டையும் இந்த வாரமே தொடங்குங்கள்.