மாமா வேலை செய்யும் ஆலையில் ஒரு வேலை: எப்படிப் போய்க் கேட்பது?

விசுவமடுப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. வவுனியாவில் வணிகம் படித்தேன். சேரும்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. பட்டம் எடுத்து வீட்டில் இருக்கிறேன். அம்மாவும் நானும்தான். அம்மா வீட்டுக் காணியில் கச்சான் (நிலக்கடலை) போடுகிறா, கோழி வளர்க்கிறா.

பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலைக்குக் கணக்கு உதவியாளர் தேவையாம். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே பல வருடமாக ஸ்ரோர் பொறுப்பாக இருக்கிறார். காலபோக நெல் வருவதற்கு முன் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று மாமாவின் மகள்தான் எனக்குச் சொன்னாள். மாமாவாகச் சொல்லவில்லை. நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயும் இரண்டு வருடமாகிறது.

அம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. "சண்டை முடியிற நேரம் மாத்தளனில் ஒரு பங்கருக்குள் இருந்தனாங்கள். கஞ்சி காய்ச்சினால் அவையின்ர பிள்ளையளுக்கும் சேர்த்துத்தான் காய்ச்சினனான். இது கூடச் செய்யமாட்டானோ?" என்கிறா. காய்ந்த கச்சானில் நல்லதாகப் பொறுக்கி ஒரு பை கட்டி, வாசல் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டா. நான் ஓம் என்று சொல்ல வேண்டியதுதான், பஸ் ஏறிவிடுவா.

என் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் சித்தப்பா ஒருவர் சொல்லி ஒரு கடையில் ஏழு மாதம் பில் போடும் வேலை செய்தேன். 25,000 ரூபா என்றுதான் பேச்சு. அதை ஐயாயிரம், மூவாயிரம் என்று பிய்த்துப் பிய்த்துத் தந்தார்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, நியமனக் கடிதமும் இல்லை. கேட்டால், "உங்கட சித்தப்பா சொன்னபடியால்தானே எடுத்தனாங்கள்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். கடைசியில் நானாகவே நின்றுவிட்டேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன இடத்தில் சித்தி எல்லோருக்கும் முன்னால், "மனுசன்ர முகத்தில கரியைப் பூசிப்போட்டாய்" என்றா. அன்று கையில் இருந்த அர்ச்சனைத் தட்டத்தை என்ன செய்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

அதனால் மாமாவிடம் "வேலை எடுத்துத் தாங்கோ" என்று கேட்க மனம் வருகுதில்லை. ஆனால் போகாமல் விண்ணப்பம் போட்டால், தனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறாள் என்று அவர் நினைப்பார், அது மரியாதையில்லை. போனில் கேட்பதா, நேரில் போவதா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதா? விண்ணப்பத்தில் அவருடைய பெயரைப் போடலாமா? இப்படிப் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மாங்குளம் அண்ணா:

தங்கச்சி, நான் உங்கள் மாமாவின் இடத்தில் இருக்கிற ஆள். ஒரு தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன், மாதம் இரண்டு பேராவது சொந்தம் என்று வருவார்கள். அந்தப் பக்கத்து மனசைச் சொல்கிறேன்.

"வேலை எடுத்துத் தா" என்று கேட்டால் எனக்கு நெஞ்சு இடிக்கும். ஏனென்றால் முடிவெடுப்பது நான் இல்லை, முதலாளி. முடியாது என்று சொன்னால் வீட்டில் பகை, முயற்சி செய்கிறேன் என்றால் நானே சொன்ன பொய். போன வருடம் பெரியம்மாவின் பேரன் வந்தான். கையில் சீவி (தன்விபரக் கோவை) மட்டும்தான். "இந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேணும்? ஆளைத் தெரிவு செய்யிறது ஆர்? இதைப் பார்த்து எங்க பிழை என்று சொல்லுங்கோ," அவ்வளவுதான் கேட்டான். அரை மணித்தியாலம் அவனோடு இருந்தேன். நானாகவே முதலாளியிடம், "எங்கட பெடியன் ஒருத்தன் விண்ணப்பம் போடுவான், பொருத்தமென்றால் பாருங்கோ" என்று சொன்னேன். அவன் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நேரில் போங்கள். ஆலைக்குப் போகாமல் வீட்டுக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்து. அம்மா வரட்டும். ஆனால் பஸ்ஸிலேயே அம்மாவோடு பேசி முடிவெடுங்கள்: பங்கர்க் கதை வேண்டாம். அந்த மனிசனுக்கு அது மறந்திருக்காது. வேலை கேட்கிற நேரம் அதை எடுத்தால் கஞ்சிக்குக் கணக்குப் பார்த்த மாதிரி ஆகிவிடும். அம்மாவும் அதற்காகக் காய்ச்சவில்லை.

கச்சான் கொண்டு போங்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்களிடம் இல்லை.

பெயர் போடுவதென்றால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நெடுங்கேணி வாசகர்:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆள். கணக்குக் கந்தோரில் இருந்தவன். மாமாவிடம் என்ன கேட்பது என்பதை மற்றவர்கள் சொல்வார்கள், நான் முதலாளியிடம் என்ன கேட்பது என்று சொல்கிறேன்.

ஈ.பி.எப். யாரும் போடுகிற பிச்சை இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பக்கத்தில் 12 சதவீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், அதுவும் முதலாளியுடைய காசு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியது. பயிற்சிக் காலம், நிரந்தரமில்லை என்றெல்லாம் சொல்லித் தள்ள முடியாது. மாமா சொல்லிச் சேர்ந்தாலும் மந்திரி சொல்லிச் சேர்ந்தாலும் இது மாறாது. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு கதிரையில் இருங்கள். பழைய கடையின் ஏழு மாதத்துக்கும் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். சம்பளம் தந்த துண்டு, வட்ஸ்அப் செய்தி எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

தருமபுரத்து அக்கா:

நான் இதை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கும் பட்டம் இருக்கிறது. 2020இல் மாதம் 20,000 ரூபாவுக்குப் பட்டதாரிப் பயிலுனர்களை எடுத்தபோது எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மிச்சமிருப்பது நானும் தம்பியும்தான். போய்க் கேட்பதற்கு மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அந்த ஆலைக்கு ஆள் தேவை என்பதே உங்கள் மச்சாள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். எனக்கு யார் சொல்வார்கள்? நீங்கள் மரியாதையாகக் கேட்டாலும், கேட்க ஓர் ஆள் இருக்கிறதே. அதையும் யோசியுங்கள் தங்கச்சி.

விசுவமடுப் பிள்ளை:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, போய் வந்தோம். அம்மா பங்கரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாமாவிடம் மூன்று விசயம் கேட்டேன்: என்ன வேலை, யார் எடுப்பது, என் சீவியில் என்ன குறை. முதலில் அவர் கொஞ்சம் முழித்தார், வேறு ஏதோ கேட்பேன் என்று இருந்திருக்கிறார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு விறாந்தையில் வந்து இருந்தார். பேரேடு, ஐந்தொகை என்று நான் எழுதியிருந்ததையெல்லாம் விரலால் தள்ளிவிட்டு, "இங்க முதல் வேலை தராசடியில" என்றார். இரணைமடுப் பக்கத்திலிருந்து நெல் வந்தால் நிறை எழுத வேண்டும், ஈரப்பதன் பார்த்து எழுத வேண்டும். 14 சதவீதத்துக்கு மேல் போனால் கழிவு போட வேண்டும். அந்தக் கழிவை, வெயிலில் நிற்கிற கமக்காரருக்கு முகம் கோணாமல் விளங்கப்படுத்த வேண்டும். "போன பெடியன் அதிலதான் ஓடினவன்" என்றார். நான் அம்மாவோடு கச்சான் விற்கப் போய்த் தராசு பிடித்தவள், யாவாரிமார் கழிவு வெட்டும்போது பக்கத்தில் நின்றவள். அது ஒரு தகுதி என்று நான் நினைத்ததேயில்லை. அவர்தான் அதை மேலே எழுதச் சொன்னார்.

பழைய கடைக் கதையையும் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்க ஏதும் பிழையென்றால் நேரா முதலாளியிட்டக் கேள், எனக்காகப் பொறுக்காதே" என்றார். பெயர் போட ஒத்துக்கொண்டார். நேர்முகத்தில் தான் இருக்கமாட்டாராம்.

தருமபுரத்து அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அந்த அறிவித்தல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று மாமாவிடம் கேட்டேன். ஆலைக் கேற்றுக்கு உள்ளே, தராசுக்குப் பக்கத்திலாம். நெல் கொண்டு போகிறவர் தவிர யார் காண்பார்கள்? வேறு ஆட்களுக்கும் சொல்லலாமா என்று கேட்டேன். "நல்ல ஆள் வந்தால் முதலாளிக்குச் சந்தோசம்தானே" என்றார். இன்று காலை மச்சாள் அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், கீழே போட்டிருக்கிறேன். இந்த மாதம் 28ஆம் திகதி வரை நேரம் இருக்கிறது. தராசடி வேலையைப் பற்றி மாமா சொன்னதெல்லாம் மேலேயே இருக்கிறது, அதைப் பார்த்து எழுதுங்கள். என்னுடையதை இப்போதுதான் விசுவமடுத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன்.