கிராவல் 12 அடி இருக்கும் என்கிறது ரிப்போர்ட். நம்பலாமா?

முந்திரிக்காட்டான்:
கந்தர்வகோட்டை பக்கம் எங்களுக்கு ஒரு ஹெக்டேர் பட்டா நிலம், கிட்டத்தட்ட சதுரம். முந்திரித் தோப்பாக இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் மரங்களைச் சாய்த்துப் போட்டதிலிருந்து சும்மா கிடக்கிறது. இப்போது ஒருவர் கிராவல் எடுக்கக் குத்தகைக்குக் கேட்கிறார். மே மாதம் ஒரு ஆளையும் கூட்டி வந்தார். நாலு கம்பியை மண்ணில் அடித்து, ஒயர் இழுத்து, பெட்டியில் நம்பர் பார்த்து எழுதிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். பார்த்தது ஒரே ஒரு இடம், அதுவும் மேட்டுப் பக்கம்.

ரிப்போர்ட் சொல்வது: மேலே 4 அடி செம்மண், மின்தடை 80 ஓம்-மீட்டர். அதன் கீழ் 12 அடி கிராவல், 400. அதற்கும் கீழே களி, 15. ஆக 12,900 யூனிட் தேறுமாம். அப்பா நம்பவில்லை. "பக்கத்துக் கொல்லையில கிணறு வெட்டுனப்ப ஆறடியிலயே வெள்ளைக்களி வந்துச்சுடா" என்கிறார். யாரை நம்புவது?

கல்லும்மண்ணும்:
அப்பாவை நம்புங்கள் தம்பி. கிணறு வெட்டியதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

மெஷின் பொய் சொல்லாது, ஆனால் அது சொல்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் உண்டு. வெளிக் கம்பிகள் இரண்டில் மின்சாரத்தை விட்டு, உள் கம்பிகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளக்கிறோம். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க ஆழத்துச் சங்கதி தெரியும். சிக்கல் எங்கே என்றால், உங்கள் நிலம் போல மின்தடை குறைந்த இரண்டு மண்ணுக்கு நடுவே மின்தடை கூடிய அடுக்கு ஒன்று மாட்டிக்கொண்டால், அதன் தடிமனையும் மின்தடையையும் தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம். இரண்டையும் பெருக்கினால் வரும் எண்தான் ஓரளவு நிச்சயம். உங்கள் ரிப்போர்ட்டில் 12 அடி, 400. பெருக்கினால் 4,800. 6 அடி, 800 என்று வைத்தாலும் அதே 4,800. பெட்டி காட்டும் நம்பர்களை வரைந்தால் வரும் வளைவு கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். சாதாரண அளவெடுப்புப் பிழையிலேயே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் சரளை 800 காட்டுவதும் அதிசயமில்லை. ரிப்போர்ட் எழுதியவர் தடித்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் பக்கத்து கிராவல் ஆற்றுச் சரளை இல்லை, செம்புராங்கல் வகை. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, மண்ணில் இருந்த இரும்பு ஒன்றுதிரண்டு கட்டியானது. (புக்கானன் என்ற வெள்ளைக்காரர் 1800இல் மலபாரில் இதைப் பார்த்துவிட்டு, 1807இல் வந்த தன் புத்தகத்தில் செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை வைத்து 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். வெட்டும்போது மெத்தென்று இருந்து வெயில் பட்டால் இறுகுகிற கல் அது.) இப்படி உண்டான அடுக்கு ஒரே தடிமனாக இருக்காது. மேட்டில் நன்றாக இருக்கும், பள்ளத்துப் பக்கம் சட்டென்று செத்துப்போகும். மேட்டில் ஒரு புள்ளி பார்த்துவிட்டு ஹெக்டேர் முழுக்கப் பெருக்குவது, ஒரு சோற்றைத் தின்று பார்த்து ஊர்ப் பந்திக்கே கணக்கு எழுதுவது மாதிரி.

ஜேசிபி வைத்து அஞ்சு குழி போடுங்கள். நாலு மூலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி நாலு, நடுவில் ஒன்று. களி தட்டியதும் நிறுத்திவிடாமல் இன்னும் ரெண்டு மூணு அடி போங்கள், கீழே மறுபடி சரளை இருந்தால் தெரிந்துவிடும். சுவரில் டேப்பைத் தொங்கவிட்டு எந்த அடியில் எந்த மண் என்று எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமான குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம், சுவர் சொல்லாமல் சரியும். சாம்பிளைப் பக்கெட்டிலேயே அள்ளி மேலே கொட்டச் சொல்லுங்கள். குவித்து, நாலு பங்காக்கி, எதிரெதிர் ரெண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதை மறுபடி நாலாக்கிக் குறைத்துக்கொண்டே வந்து லேபுக்குக் கொடுங்கள்.

டாரஸ் மணி:
அண்ணன் சொன்னது சரி. ரெண்டு விஷயம் சேர்த்துக்கிறேன். யூனிட்டுன்னா 100 கன அடி. நிலத்தில் இறுகிக் கிடக்கும் 100, வெட்டி லாரியில் ஏற்றினால் பொலபொலவென்று கூடிவிடும். காசு எந்த அளவுக்கு என்று அக்ரிமெண்டில் முதலிலேயே எழுதுங்கள், இதில்தான் பாதிச் சண்டை. அப்புறம், களி ஏறிய கிராவலை ரோட்டு வேலையில் சப்பேஸுக்கு (ரோட்டின் அடித்தள அடுக்குக்கு) எடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ், அதாவது களித்தன்மையைக் காட்டும் லேப் எண், 6க்குள் இருக்கணும். ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உடையாமல் நூல் மாதிரி திரிந்தால் வெறும் ஃபில்லிங்குக்குத்தான்.

ஊருணிக்கரை:
பள்ளத்துப் பக்கம் ஊருணியோ கிணறோ இருக்கிறதா? மே மாதம் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டம் கீழே இருக்கிறது என்று எழுதாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் பக்கத்துக் கிணறுகளில் கயிறு விட்டு அளந்து பாருங்கள். பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும், அந்த ரிப்போர்ட் அதைக் கழித்த மாதிரி தெரியவில்லை.

முந்திரிக்காட்டான்:
குழி போட்டாச்சு. மேட்டில் மூன்றரை அடி செம்மண், அதற்குக் கீழே ஆறரை அடி நல்ல கிராவல், 10 அடியில் களி. மற்ற நாலிலும் கிராவல் 5, 4.5, 3, 1 அடிதான். களிக்குக் கீழே எங்குமே சரளை இல்லை. அந்த 3 அடிக் குழி கிழக்கே, கிணறு வெட்டிய கொல்லையை ஒட்டினது. மேலே 3 அடி செம்மண், அப்புறம் 3 அடி கிராவல், சரியாக ஆறாவது அடியில் வெள்ளைக்களி. அப்பா ஒன்றும் பேசவில்லை, டேப்பை மட்டும் ரெண்டு தரம் பார்த்தார்.

சராசரி 4 அடி. நாலு பக்கமும் 7.5 மீட்டர் விட்டால் 85க்கு 85 மீட்டர். அதற்கு வருவது 3,100 யூனிட் சொச்சம். ஓரம் சரிவாக வெட்டினால் அதிலும் குறையும். அதை எடுக்க அதே அளவு மேல்மண்ணையும் தள்ளணும்.

கேட்டவரிடம் கணக்கைக் காட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். ஒரு அடி கிராவல் வந்த பள்ளத்துக் குழியை மட்டும் இன்னும் மூடவில்லை. கார்த்திகை வரை திறந்தே கிடக்கட்டும், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கணும் என்கிறார் அப்பா. ஆடு விழாமல் இருக்கச் சுற்றிக் கருவை முள் வெட்டிப் போட்டிருக்கிறோம்.