வட்டையில் விதைத்த தீவனக் கௌபி மஞ்சளாகிறது: காரணம் என்ன?

கேள்வி (வெல்லாவெளி)
வணக்கம். பெரும்போக நெல்லை அறுத்த கையோடு, கறவை மாடுகளின் கோடைத் தீவனத்துக்காக அரை ஏக்கரில் கௌபி விதைத்தேன். முளைப்பு நன்றாகவே இருந்தது. 24ஆம் நாளான இன்று, வாய்க்காலை ஒட்டிய பள்ளத்திலும் மேட்டுப் பக்கத்திலும் செடிகள் திட்டுத்திட்டாக மஞ்சளாகி நிற்கின்றன. சென்ற வாரம் பெய்த மழைநீர் பள்ளத்தில் மூன்று நாள் வடியாமல் கிடந்தது. யூரியா போட்டால் தேறுமா? வைக்கோலை மட்டும் நம்பி ஐந்து மாடுகளைச் சிறுபோகம் முடியும்வரை காப்பாற்ற முடியாது.

மறுமொழி (செங்கலடி)
தம்பி, யூரியாவை இப்போது தொட வேண்டாம். கௌபி தனக்கு வேண்டிய நைதரசனின் பெரும்பகுதியை வேரில் சிறு முடிச்சுகளாகத் தெரியும் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்களின் உதவியால் காற்றிலிருந்தே பெறுகிறது. யூரியா கூடினால் அந்தக் கணுக்கள் உருவாவதே குறைந்துவிடும். இரு பக்கத்திலும் நான்கைந்து செடிகளை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரைக் கழுவி, கணுக்களை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அவை வேலை செய்கின்றன. தண்டின் அடியையும் பார்க்க மறவாதீர்கள்.

கேட்டவர்
பார்த்தேன் ஐயா. பள்ளத்துச் செடிகளின் வேர் பழுப்பேறியிருக்கிறது. கணுக்கள் சிலவே, உள்ளே பச்சை கலந்த வெள்ளை. மேட்டுச் செடிகளில் கணுக்கள் சிவப்பாகவே உள்ளன, ஆனால் அடித்தண்டு வீங்கி வெடித்திருக்கிறது. தோலை உரித்தால் அரிசியிலும் சிறிய பழுப்புக் கூடுகள் தெரிகின்றன.

மறுமொழி (அக்கரைப்பற்று)
அப்படியானால் உங்கள் வயலில் இருப்பது ஒரே மஞ்சள், இரண்டு நோவு. பள்ளத்தில் வேருக்குக் காற்றில்லை. காற்றில்லாமல் சிறுகணுவும் இயங்காது. வரம்பை வெட்டி நீரை வடித்து, மண் சற்று உலர்ந்ததும் மேலாகக் கொத்திவிடுங்கள். புதிய வெண்வேர் விடும் செடி பிழைக்கும். மற்றவற்றைப் பிடுங்கி மீண்டும் விதையுங்கள்.

மேட்டில் இருப்பது இளஞ்செடியின் இலையில் முட்டையிடும் சிறிய கறுப்பு ஈயின் வேலை. புழு தண்டுக்குள் இறங்கிக் கூடு கட்டிவிட்ட நிலையில் மேலே மருந்தடிப்பதால் பயனில்லை. மாடு தின்னும் பயிர் என்பதால் எனக்கு அதில் சம்மதமும் இல்லை. வெடிப்புக்கு மேல்வரை மண் அணைத்து ஈரம் காத்தால், அங்கிருந்து பக்கவேர் விட்டுச் செடி நிமிரும். வாடிச் சாய்ந்தவற்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். அடுத்த முறை விதைத்தவுடன் வைக்கோலைப் பரப்பினால் ஈயின் தாக்கம் குறையும்.

கேட்டவர்
மிக்க நன்றி அண்ணா. தேறியதை எப்போது வெட்டலாம்?

மறுமொழி (செங்கலடி)
பூத்து இளங்காய் பிடிக்கத் தொடங்கும்போது வெட்டுங்கள். தாமதித்தால் தண்டு முற்றி, இலையும் உதிரும். வெட்டியதை அரைநாள் வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து, முதல் வாரம் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுங்கள். பசித்த மாட்டுக்குப் பச்சைக் கௌபியை மட்டும் நிறையப் போட்டால் வயிறு ஊதக்கூடும்.