‘தாத்தா வீடு’ குழு, வியாழக்கிழமை

ராஜு சித்தப்பா: (படம்)

ராஜு சித்தப்பா: வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டேன். பின் சீட்டைப் பாருங்கள். இடது பக்கம் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. ஸ்பிரிங் வேறு தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம் 🌹

அம்மா: ஐயோ, அந்தப் பக்கம்தானே மீனா உட்காருவாள்

அம்மா: 38 ஆயிரம் ரூபாய்ப் பட்டு தம்பி. ஒரு இழை மாட்டினால் போச்சு

செல்வி அத்தை: 38ஆ? என்னிடம் 22 என்றாய்

அம்மா: அது நிச்சயதார்த்தப் புடவை மதினி

நான்: நான் தாத்தா வண்டியில்தான் மண்டபத்துக்குப் போவேன். இப்போதே சொல்லிவிட்டேன்

செல்வி அத்தை: எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் ஏசி காரில் போயிருக்கலாம். என்னவோ, அவரவர் விதி

கார்த்தி: அம்மா!!

கார்த்தி: மாமா, ஃபெவிக்விக் போட்டு ஒட்டுங்கள். 2 நிமிஷ வேலை

ராஜு சித்தப்பா: டேய், ஃபெவிக்விக் போட்டால் அந்த இடம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும். ஆள் உட்கார்ந்ததும் அதற்குப் பக்கத்தில் படக்கென்று புதிதாகக் கிழியும். முதலில் எது போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தையல் மட்டும் பிரிந்திருந்தால் கவலையே இல்லை, வளைந்த ஊசியில் நைலான் நூலைக் கோத்துப் பழைய ஓட்டை வழியாகவே இழுத்துவிடலாம். இங்கே தையல் நன்றாக இருக்கிறது, ரெக்ஸின்தான் கிழிந்திருக்கிறது. 94 மாடல் வண்டி, வெயிலில் நின்று நின்று ரெக்ஸின் அப்பளமாகிவிட்டது. அதில் ஊசியை நெருக்கி நெருக்கிக் குத்தினால், தபால்தலையைக் கிழிக்க வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்களே, அந்தக் கதைதான்

செல்வி அத்தை: இதைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும் ராஜு

அப்பா: ம்

குமார் மாமா: அந்த வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறதா?

ராஜு சித்தப்பா: 2029 வரை இருக்கிறது அத்தான்

பெரியப்பா: யார் பேரில்?

ராஜு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: கல்யாணம் முடியட்டும். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்

பெரியப்பா: நான் சும்மாதான் கேட்டேன்

செல்வி அத்தை: அது சரி, எப்படிக் கிழிந்தது?

ராஜு சித்தப்பா: அக்கா, நீயா கேட்கிறாய்? குலசாமி கோயிலுக்குக் கிடாவை ஏற்றிக்கொண்டு போனது யார்?

நான்: பின் சீட்டிலா??

கார்த்தி: என் மடியில் 😭

செல்வி அத்தை: கிடா பாவம், சமர்த்தாக வந்தது. அதற்கு முன்பே உன் அத்தான் பின் பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து ஓட்டை போட்டுவிட்டார்

குமார் மாமா: நான் துபாயில் இருக்கிறேன்

செல்வி அத்தை: 2009இல் இங்கேதான் இருந்தீர்கள்

கார்த்தி: சென்னை ஜி.பி. ரோட்டில் போன மாதம்தான் என் காருக்கு சீட் கவர் போட்டேன். அங்கே கேட்டுப் பார்க்கட்டுமா?

அம்மா: மதுரையில் நிற்கிற வண்டிக்கா?

ராஜு சித்தப்பா: கார்த்தி, நீ கவர் போட்டது இருக்கட்டும். உன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்னத் துணி டேக் இருக்கிறதா பார். இருந்தால் அந்தப் பக்கத்தை இறுக்கி மூடுகிற கவர் போடக் கூடாது. உள்ளே இருக்கிற பை அங்கே ஒரு தையலைப் பிரித்துக்கொண்டுதான் வெளியே வரும். கெட்டி நூலால் யாரும் அதைத் திரும்பத் தைக்கவும் கூடாது

கார்த்தி: டேக் இருக்கிறது

கார்த்தி: கவர் அதன் மேலே இருக்கிறது

குமார் மாமா: எவ்வளவு கொடுத்தாய்?

கார்த்தி: நெட்வொர்க் சரியில்லை அப்பா

பெரியப்பா: இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? அரசாங்க அம்பாசடர் எல்லாம் வெள்ளைத் துண்டு விரித்துத்தான் ஓடின. இரண்டு துண்டு வாங்கி விரித்துவிடு

ராஜு சித்தப்பா: அண்ணே, ஸ்பிரிங் துண்டையும் குத்திக்கொண்டு வரும். பின் சீட்டைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன். உள்ளே நார் மெத்தை நடுவில் மக்கிப்போயிருக்கிறது. முதலில் ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி, மேலே சாக்குத் துணி, அதற்கு மேலே ஃபோம். அப்புறம்தான் ரெக்ஸின். அவசரத்துக்கு ஒட்டுவதென்றால் கிழிசலுக்குப் பின்னால் பழைய ஜீன்ஸ் துணியைச் செருகி, இரண்டு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரைக்கும் விட்டு அமுக்க வேண்டும். ஈரத்தோடு அமுக்கினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் அது ஒரு மாதம் தாங்கினால் பெரிது

நான்: எனக்கு ஒரு மணி நேரம் தாங்கினால் போதும் சித்தப்பா

அப்பா: ம்

ராஜு சித்தப்பா: (படம்)

ராஜு சித்தப்பா: சீட்டுக்கு அடியில் இருந்தவை. அப்பாவின் சுண்ணாம்பு டப்பா, 25 காசு மூன்று, ஒரு தோட்டுத் திருகாணி

பெரியப்பா: டப்பாவைத் துடைக்காதே. அப்படியே வை

அம்மா: திருகாணியைக் கிட்டத்தில் காட்டுங்கள் தம்பி

ராஜு சித்தப்பா: (படம்)

அம்மா: மதினி, இது உங்கள் ஏழு கல் தோட்டுத் திருகாணிதானே. என் அலமாரி வரைக்கும் தேடினீர்களே

செல்வி அத்தை: நான் யாரையும் சொல்லவில்லையே

அம்மா: சரி மதினி. கிடைத்ததே, அதுவே போதும்

குமார் மாமா: தோடு?

ராஜு சித்தப்பா: தோடு இல்லை அத்தான். திருகாணி மட்டும்தான்

நான்: சித்தப்பா, சீட்?

ராஜு சித்தப்பா: சீட் தைக்கிற பாயிடம் பேசினேன். கிழிந்த துண்டைப் பிரித்து, அதையே அளவு வைத்துப் புது ரெக்ஸின் வெட்டி மெஷினில் தைத்துத் தருவாராம். துண்டு மட்டும் மாற்ற 1,200. பின் சீட் முழுவதும் என்றால் 5,500. மெரூன் இல்லை, காப்பிக் கலர்தான் இருக்கிறதாம்

செல்வி அத்தை: ஒரு துண்டு மட்டும் காப்பிக் கலரா? சம்பந்தி வீட்டார் பார்க்க மாட்டார்களா?

கார்த்தி: அதன் மேல் மீனா உட்காருவாள், யாருக்குத் தெரியும்?

செல்வி அத்தை: இறங்கும்போது தெரியாதா?

குமார் மாமா: முழுசாக மாற்று. பணம் நான் அனுப்புகிறேன்

பெரியப்பா: பணம் பிரச்சினை இல்லை. வண்டி பொது. எல்லோரும் பங்கு போடுவோம்

ராஜு சித்தப்பா: பொது என்றால் போன வருஷம் கிளட்ச் மாற்றிய பில்லும் என்னிடம் இருக்கிறது அண்ணே

பெரியப்பா: 🙏

அம்மா: எதுவானாலும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வருமா?

ராஜு சித்தப்பா: இன்ஷா அல்லாஹ் என்றார் பாய். 4 மணிக்கு நேரில் போய்க் கேட்கிறேன். யாராவது கூட வந்தால் நல்லது, சீட் கனம்

கார்த்தி: நான் நாளை ராத்திரிதான் பஸ் ஏறுகிறேன்

செல்வி அத்தை: எனக்கு முட்டி வலி

அப்பா: நான் வருகிறேன்

நான்: அப்பா!

அம்மா: 4 மணிக்கு நீங்கள் பந்தல்காரரைப் பார்க்கப் போக வேண்டும்

அப்பா: ம்

ராஜு சித்தப்பா: சரி, ஆட்டோவில் ஏற்றிக்கொள்கிறேன். துண்டா முழுசா, மூன்றரைக்குள் யாராவது ஒரே முடிவாகச் சொல்லுங்கள்

பெரியப்பா: வாழை இலை எத்தனை சொல்லியிருக்கிறது?

செல்வி அத்தை: ராஜு, சீட்டைக் குடுப்பதற்கு முன்னால் நார்க்குள் இன்னொரு தரம் கைவிட்டுப் பார். தோடு அங்கேதான் இருக்கும்