மசக்கையில் தண்ணீர்கூட நிற்காத நாட்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மல்லிகைப்பந்தல்:
ஆறாவது வாரத்தில் ஆரம்பித்தது. மாமியார் கடுகு தாளித்தால் நான் கொல்லைப்புறம் ஓடுவேன். சோறு கொதிக்கும் வாசனை அதைவிட மோசம். "மசக்கை என்றால் அப்படித்தான், மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள்" என்றார்கள். கடித்துக்கொண்டேன். எட்டாவது வாரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. காலையில் அடர் மஞ்சளாகக் கொஞ்சம் சிறுநீர் போனது, பிறகு இருட்டும் வரை இல்லை. 52 கிலோ இருந்தவள் 48க்கு வந்துவிட்டேன். முதலில் பார்த்த மருத்துவர், "மனத்தை வேறு பக்கம் திருப்புங்கள்" என்று அனுப்பிவிட்டார். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

அக்காதான் வேறு மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு இல்லாமல் உடல் கொழுப்பைக் கரைக்கும்போது வரும் பொருள்) இருப்பதைப் பார்த்து அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் சலைன், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. நீண்ட வாந்தியில் அந்த வைட்டமின் வற்றிவிடுமாம். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே ஆபத்து என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே அதை வெறும் மசக்கை என்று விடக்கூடாதாம். எனக்கு அதற்கும் மேலே குறைந்திருந்தது. இப்போது பத்தாவது வாரம். வீட்டுக்கு வந்துவிட்டேன், பயம் மட்டும் போகவில்லை. உங்களுக்கு எது கைகொடுத்தது?

ஆற்றங்கரை:
உங்கள் அளவுக்கு இல்லை, ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் வாந்தி எடுத்தவள் நான். தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரி வைத்திருப்பேன். கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு பிடி, கால் மணி கழித்துத்தான் எழுந்திருப்பேன். வெறும் வயிறுதான் எனக்குப் பெரிய எதிரி. ஆவி பறக்கும் சாப்பாட்டில் வாசனை தூக்கும். ஆறிய இட்லி, தயிர்சாதம் என்றால் இறங்கியது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். இரண்டாவது முறை இரும்புச்சத்து மாத்திரைதான் குமட்டலைக் கிளப்பியது. டாக்டரிடம் சொன்னதும் சில வாரம் நிறுத்தி, ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தார்.

இரவில் டாக்ஸிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை எழுதிக்கொடுத்தார். தூக்கம் வரும், ஆனால் காலை விடிந்ததே தெரியாத அளவுக்கு நிம்மதி. முதலில் என் அம்மா அதைத் தொடவே விடவில்லை. அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1950களின் இறுதியில் ஐரோப்பாவில் இதே குமட்டலுக்குத் தாலிடமைடு கொடுத்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். ஆனால் இது அந்த மருந்து இல்லை. பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்து பார்த்த மருந்து என்று டாக்டரே அம்மாவை உட்காரவைத்து விளக்கினார்.

வேப்பமரநிழல்:
மல்லிகைப்பந்தல், "மனம்" என்று சொன்னவருக்காக இதை எழுதுகிறேன். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் இதற்கு முக்கியக் காரணம் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன் உடலில் அது குறைவாக இருந்தவர்களையே திடீர் ஏற்றம் அதிகம் வாட்டுகிறது. அந்த ஆய்வில் முன்னின்ற மார்லினா ஃபெய்சோ, 1999இல் இதே கடும் வாந்தியால் தன் கருவை இழந்தவர். அவரிடமும் மருத்துவர் நம்பாமல்தான் பேசினாராம். தயவுசெய்து உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மல்லிகைப்பந்தல்:
இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் என் தலையைத் தடவிவிட்டார். இன்று 14ஆவது வாரம். பொரி தலைமாட்டில் இருக்கிறது, எடை 49.5. கடுகு வாசனை இன்னும் ஆகவில்லை, அதனால் வீட்டில் தாளிக்காத ரசம்தான். நேற்று இரண்டு கரண்டி ரசம்சாதம் உள்ளே நின்றது.